ஈரம் பார்ப்பவர் யாருக்குக் கீழே?

எனக்குச் சட்டென்று கோபம் வரும். மில்லில் எல்லோருக்கும் இது தெரியும். நான் மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு என்ன நிலவரம் என்று கீழே கணக்குப் பிரிவில் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார், யார் சரி சொன்னால் எது நகரும் என்பதைக் கணினிக்குள் வரைந்து வைப்பது என் வேலை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்துகிற ஒரு தொழிலுக்குள் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் கோபம் வரும்.

மன்னார்குடிக்கு வெளியே இருக்கிறது எங்கள் மில். நெல்லை வாங்கி, அவித்து, உலர்த்தி, அரைத்து, பையில் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற பெரிய மில். நான் முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கணவருக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலானது, நானும் வந்தேன். மண்ணைப் பிரிந்து இருக்க முடியவில்லை என்ற கதையெல்லாம் என்னிடம் கிடையாது. சென்னை வாடகையைப் பிரிந்ததில் நிம்மதியாகக்கூட இருந்தது.

வேலை கேட்டு வந்த அன்று முதலாளி என் ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுடையது. அப்பா அந்தப் பண்ணையில் நாற்றுப் பறித்தவர், வரப்பில் அண்டை வெட்டியவர், கதிர் அறுத்தவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார், அது வேறு கதை. "அட, நம்ம பண்ணை ஆளு பொண்ணா நீ" என்றார் முதலாளி. அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவரு பொண்ணுங்க" என்றேன், நம்ம பண்ணையை விட்டுவிட்டு. அவர் கவனித்தாரா என்று தெரியாது. வேலை கொடுத்தார்.

மென்பொருளில் ஆள் வேறு, நாற்காலி வேறு. கொள்முதல் தலைவர் என்பது ஒரு நாற்காலி. அதில் இன்றைக்கு ஒருவர் உட்காரலாம், நாளைக்கு வேறொருவர் வரலாம், காலியாகக்கூடக் கிடக்கலாம். ஒவ்வொரு நாற்காலியும் ஏதாவது ஒரு பிரிவுக்குள் இருக்கும், அதற்கு மேலே இன்னொரு நாற்காலி இருக்கும். நெல் வாங்குகிற சீட்டோ, லீவு விண்ணப்பமோ, புகாரோ, எதுவானாலும் ஆளைத் தேடிப் போகாது. நாற்காலியைத் தேடித்தான் போகும். இதை வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று சென்னையில் சொல்வோம். இங்கே அந்தப் பாதிதான் மொத்த வேலையும்.

வந்த முதல் வாரம் ஒவ்வொரு பிரிவாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்களுக்கு மேலே யாரு? நெல் அவிக்கிற பக்கம் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் மேலே கையைக் காட்டினார். கடவுளைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, மாடியில் மச்சான் சாரின் அறையைக் காட்டினாராம். எடைமேடையில் இருப்பவர் மச்சான் சார் என்றார். லாரி அனுப்புகிறவர் மச்சான் சார் என்றார். கிடங்கிலும் அதே பதில். மூட்டை தூக்குகிற ஆட்களின் மேஸ்திரியைக் கேட்டபோது மட்டும், யார் கூப்பிட்டாலும் போவோம் என்றார். யார் கூப்பிடுவார் என்றேன். மச்சான் சார்தான் என்றார்.

மச்சான் சார் என்பவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட, மில்லே அதற்குப் பின்னால் ஒரு சாரைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு முன்னால், மென்பொருளை விற்ற கம்பெனியிலிருந்து வடக்கத்திக்காரர் ஒருவர் வந்து விவரம் சேகரித்துவிட்டுப் போயிருந்தார். தமிழ் தெரியாதவர். எல்லோரும் சொன்னதை அப்படியே பதவிப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, முதலாளிக்குக் கீழே ஒரு பெட்டி போட்டு, அதில் மச்சான் சார் என்று எழுதிவிட்டார். மற்ற எல்லாப் பெட்டிகளும் அதற்குக் கீழே. பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் ஒன்றும் தப்பாக எழுதவில்லை. இந்த மில்லில் அது பதவிதான்.

நான் அந்தப் பெட்டியை எடுத்தேன். கொள்முதல், தரம், ஆள் நிர்வாகம், கிடங்கு, லாரி என்று ஐந்தாகப் பிரித்தேன். பெரிய தாளில் அச்சடித்து, நாற்காலிகளில் பெயர் எழுதாமல், முதலாளி மேசையில் விரித்தேன். அவருக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. கோவிலுக்குத் திருப்பணி வரைபடம் பார்ப்பதைப்போலத் தள்ளி நின்றும் கிட்ட வந்தும் பார்த்தார். பிறகு நான் ஒவ்வொரு நாற்காலியாகப் படிக்க, அவர் ஆள் சொன்னார். கொள்முதலுக்கு மச்சான். தரத்துக்கும் மச்சானே பார்த்துக்குவார். ஆள் நிர்வாகம், மச்சானைத் தவிர யார் இருக்கா. கிடங்கு, லாரி, அதைக் கேட்கவே வேண்டாம். ஐந்திலும் ஒரே ஆள்.

நெல்லை வாங்குகிறவரும் அந்த நெல் சரியா என்று சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளி என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். அவர் என்ன வெளியாளா என்று கேட்டார். அதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை. கணக்குப் பிரிவின் பெரியவர், கூத்தாநல்லூர்க்காரர், எல்லோருக்கும் பாய், கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது, மச்சான் சார் உட்கார்ந்திருக்கிற நாற்காலியையெல்லாம் வரிசையாப் போட்டா ஒரு கல்யாணத்தையே நடத்திடலாம்மா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் போகவில்லை.

இதில் இன்னொரு கூத்து. ஒரே சீட்டு கொள்முதல் தலைவரிடம் போகும், அவர் சரி என்று தட்டுவார். அடுத்தது தரப் பிரிவுத் தலைவரிடம், அதுவும் அவர்தான், மறுபடியும் தட்டுவார். பிறகு கிடங்கு, மறுபடியும். நாலு நாளில் மச்சான் சாருக்கு விரல் வலித்துவிட்டது. மென்பொருளில் இதற்கு ஒரு வசதி உண்டு. அடுத்த நாற்காலியிலும் அதே ஆள்தான் இருக்கிறார் என்றால், அவர் முன்பு சொன்ன பதிலையே எடுத்துக்கொண்டு அது தானாக நகர்ந்துவிடும். அதைப் போடச் சொன்னார்கள். நெல் சீட்டுக்குப் போடுகிறேன், புகாருக்குப் போட மாட்டேன், புகாரின் கடைசிப் படி முதலாளியிடம் வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, நம்ம மில்லில் யாரும்மா புகார் கொடுக்கப்போறா, சின்னச் சின்னச் சண்டைக்கெல்லாம் என் போன் அடிக்கணுமா என்றார். விற்ற கம்பெனிக்கு நேராகப் போன் போட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்தே போடச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை நான் திறந்து பார்த்தபோது போட்டிருந்தார்கள்.

தரப் பிரிவு என்று பெரிதாகச் சொல்கிறேனே, அதில் வேலை பார்ப்பது ஒரே ஒரு பெண். சீர்காழிப் பக்கம், லுத்தரன் சபைக் குடும்பம். வேதியியல் படித்தவள். அப்பா தையல் கடை வைத்திருந்து, கண் பார்வை மங்கியதில் கடையை மூடிவிட்டார். வீடு இவள் சம்பளத்தில் ஓடுகிறது. மன்னார்குடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். லாரி வந்ததும் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு நெல்லை எடுப்பாள், மீட்டரில் ஈரம் பார்ப்பாள், பதர் எவ்வளவு, கருப்பு எவ்வளவு என்று பார்த்துப் போனில் ஏற்றுவாள். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளே, தாண்டினால் வெளியே. என்னை அக்கா என்பாள். அதிகம் பேச மாட்டாள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அந்த வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வருகிற லாரியெல்லாம் ஈரம். அப்படி வந்த ஒரு லாரி மச்சான் சாருடைய மாமனார் வீட்டு நெல். இவள் குத்திப் பார்த்தாள், இருபத்தொன்று காட்டியது. நிராகரிப்பு என்று ஏற்றிவிட்டாள். மச்சான் சார் மாடியிலிருந்து இறங்கி வந்து, பதினேழு என்று மாற்றச் சொன்னார். அவள் மறுபடியும் மீட்டரை வைத்து அவரிடமே காட்டினாள். இருபத்தொன்றேதான். அவர் கத்தவில்லை. சரி என்று போய்விட்டார். மறுநாள் காலை, இனிமேல் நீ தவிட்டுக் கிடங்கில் மூட்டை எண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டார். மீட்டரை எடைமேடைக்காரரிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த நெல் பதினேழு என்று உள்ளே போனது.

அவள் அழவில்லை, யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. மில் கொடுத்திருந்த செயலியில் புகார் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தி, நடந்ததை நடந்தபடி எழுதினாள். அந்தப் பொத்தானை அதுவரை யாரும் தொட்டதில்லை.

மத்தியானம் டீ குடிக்கும்போது போனை என்னிடம் நீட்டினாள். "உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது. நன்றி" என்று வந்திருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, பிறகு எல்லாமே புரிந்தது. புகார் முதலில் அவளுக்கு மேலே இருக்கிற தரப் பிரிவுத் தலைவருக்குப் போகும். அது மச்சான் சார். அவர் தன்மேல் வந்த புகாரைத் தானே படித்து, தீர்ந்தது என்று ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். அடுத்தது ஆள் நிர்வாகத் தலைவர். அதுவும் அவரே என்பதால் மென்பொருள் கேட்கவே இல்லை, தானாக முடித்து, நன்றியும் சொல்லி அனுப்பிவிட்டது. கையிலிருந்த டீயை வாசலில் ஊற்றிவிட்டு மாடி ஏறினேன். அன்றைக்குக் கீழே எல்லோரும் படிச்சத்தம் கேட்டிருப்பார்கள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு ஒரு ஆள் விடாமல் துணி எடுப்பார், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார். ஆனால் வம்பு என்றால் அவருக்கு ஆகாது. எதையும் பூசி மெழுகிப் பேசி முடித்துவிட வேண்டும். பார்க்கலாம், பேசிக்கலாம் என்றார். பேசினார்கள். அவரும் அவருடைய மச்சானும் மட்டும் பேசினார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். தரப் பிரிவே வேண்டாம். ஈரம் பார்ப்பதைக் கொள்முதலுக்குக் கீழே வைத்துவிடலாம், எடைமேடைக்காரர் பார்த்துக்கொள்வார். அந்தப் பெண்ணின் நாற்காலியை எடுத்துவிடு.

எடுத்துவிடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும். நாற்காலி போனால் அவளுடைய லாகின் போகும். லாகின் போனால் காலையில் வாசலில் விரல் வைக்கும்போது மெஷின் அவளை யாரென்று கேட்கும். வேலையை விட்டுப் போ என்று யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை. கணினி சொல்லிவிடும், கணினியிடம் நான் சொல்லியிருப்பேன். எல்லோர் கையும் சுத்தம், என் கையைத் தவிர.

நான் எடுக்க மாட்டேன் என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தார். மறுபடியும் சொன்னேன். ஈரம் பார்ப்பவர் வாங்குகிறவருக்குக் கீழே இருக்க முடியாது, இருந்தால் அவர் எழுதுகிற எண்ணை வாங்குகிறவர்தான் எழுதுவார், அப்படி ஒரு கோட்டை நான் போட மாட்டேன் என்றேன். முதலாளியின் முகம் மாறியது. பழைய குரல் ஒன்று வந்தது அவருக்கு, அவருடைய அப்பாவின் குரலாக இருந்திருக்கும்.

"உங்கப்பா எங்க பண்ணையில அத்தனை வருஷம் இருந்தாரு. ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல."

"அவர் பேசாம விட்டதுக்கும் சேர்த்துத்தாங்க நான் பேசறேன்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பயமில்லை என்று சொல்ல ஆசை, பயம் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற எண்ணம் துளியும் இல்லை.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். வேலை போகும் என்று பயப்படுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மோட்டார் ஷெட்டில் ஏதோ ஒயரைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அந்தக் காலத்தில் பண்ணைக்குக் காரியக்காரர் ஒருவர் இருப்பார். கூலி அளப்பதும் அவர், ஆள் வைப்பதும் நிறுத்துவதும் அவர், முதலாளி வீட்டுக்குச் சேதி கொண்டுபோவதும் அவர். காரியக்காரர்மேல் குறை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். காரியக்காரர் கிட்டதான் சொல்லணும் என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஒயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்கு நடந்ததை நான் மென்பொருளில் போட்டு, அதற்கு நன்றி என்று ஒரு குறுஞ்செய்தியும் சேர்த்து அனுப்பவா எம்.சி.ஏ. படித்தேன்?

அடுத்த சில நாட்கள் மில்லில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். உனக்கு எதுக்கு வம்பு, சொந்த வேலையைப் பாரு என்றார்கள். இதுதான் என் சொந்த வேலை என்றேன். மச்சான் சார் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். நானும் சுவரைப் பார்த்தேன், எனக்கும் அந்தச் சுவர் தெரியும். விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு அவளுடைய நாற்காலியை அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் இந்த முறை நழுவிவிட்டார்கள். ஆள் இருக்கிற நாற்காலியை நாங்கள் தொட மாட்டோம், உங்கள் அட்மின் எடுக்கலாம், இல்லையென்றால் முதலாளியே தன் லாகினில் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அத்தனை நாளும் தவிட்டுக் கிடங்கில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூட்டை எண்ணினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் சங்கடம் தெரிந்து, அவள்தான் எனக்குச் சிரித்துக் காட்டினாள்.

கடைசியில் ஒரு நாள் காலை முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர், மச்சான் சார், பாய், அந்தப் பெண், நான். அவளைக் கிடங்கிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள், தலைமுடியெல்லாம் தவிடு. முதலாளி நயமாகத்தான் ஆரம்பித்தார். நீயும் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, அவர் வயசில் பெரியவர், ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு, பழைய வேலையையே பார்க்கலாம் என்றார். மச்சான் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், வாங்கிக்கொள்ளத் தயாராக.

"ஈரம் இருந்துச்சுங்க. இருக்குன்னு எழுதினேன்" என்றாள் அவள். "அதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் வீட்டில் கண் சரியாகத் தெரியாத அப்பா இருக்கிறார், அவள் சம்பளம்தான் சோறு. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளிக்கும் கோபம் வந்துவிட்டது. கணினியைத் தன் பக்கம் திருப்பினார். சரி, நீ எடுக்க மாட்டே, நானே எடுக்கறேன், எங்கே இருக்கு காட்டு என்றார் என்னிடம். காட்டினேன். அதைக் காட்டுவது என் வேலை. தரப் பிரிவைத் திறந்தேன், அவள் நாற்காலியைத் தொட்டேன், நீக்கு என்ற பொத்தான்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு மவுஸை அவர் கையில் கொடுத்து எழுந்து நின்றேன். அவர் அழுத்தினார். மென்பொருள் உடனே நீக்கவில்லை. ஒரு கட்டத்தைக் காட்டிக் காரணம் எழுதச் சொன்னது. எழுதாமல் மேலே போகாது. கீழே சிறிய எழுத்தில், நீக்குபவர் என்று அவர் பெயர் வந்து நின்றது. அது அழியாது, யார் எப்போது திறந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே.

அவர் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் சார், தேவையில்லைன்னு போடுங்க அத்தான் என்றார். முதலாளி அதைப் போட்டார். பாய் மெதுவாக, தேவையில்லைன்னா இத்தனை வருஷம் எதுக்கு வச்சிருந்தோம்னு தரக் கணக்கு பாக்க வர்ற அரிசி வாங்குறவங்க கேட்பாங்களே என்றார். முதலாளி அழித்தார். சரியா வேலை செய்யலைன்னு போடுங்க என்றார் மச்சான் சார். அதையும் தட்டினார் முதலாளி. தட்டிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தவிட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனியவும் இல்லை. அவர் கை மறுபடியும் போய் அதை அழித்தது. கட்டம் காலியாகக் கிடந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. எடைமேடைக்காரர் அன்றைக்கு லீவு. அவள்தான் பேசினாள்.

"லாரி நிக்குதுங்க. நான் போய் நெல்லு பாக்கறேன்."

பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை, பார்க்கிறேன் என்றாள். முதலாளி அவளையே பார்த்தார். பிறகு, "போய்ப் பாரு" என்றார். அவள் போய்விட்டாள். அவர் அந்தக் காலிக் கட்டத்தை மூடினார். நாற்காலி அப்படியே இருந்தது.

சும்மா விடுகிற ஆளா நான்? அப்போ தரப் பிரிவு யாருக்குக் கீழேங்க என்று கேட்டேன். மச்சான் சார் ஏதோ சொல்ல வந்தார், முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். என் பேரையே போடும்மா என்றார், கொஞ்சம் அலுப்பாக. அவர் கண் முன்னாலேயே மச்சான் சாரின் பெயரை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கோட்டை நேராக முதலாளிக்கு இழுத்தேன். கையோடு கையாக, புகாரின் கடைசிப் படியையும் அவருக்கே மாற்றி, முடிந்துபோன அவள் புகாரைத் திறந்து திரும்ப அனுப்பினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற நான்கு நாற்காலிகளிலும் மச்சான் சார் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வும் கிடையாது. ஆள் நிர்வாகம் அவரிடம்தானே இருக்கிறது.

நாங்கள் அறையைவிட்டுக் கிளம்பும் முன் முதலாளியின் சட்டைப் பையில் போன் அடித்தது. புகார்தான் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாய் எட்டிப் பார்த்தார். தரப் பிரிவிலிருந்து ஒரு நிராகரிப்பு, ஈரம் பத்தொன்பது, உங்கள் ஒப்புதலுக்கு என்று வந்திருந்தது. நெல் அனுப்பியவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். வெளியே நின்றது அவருடைய சொந்த வயல் நெல்.

மச்சான் சார் சிரித்தார். இப்ப என்ன பண்ணப்போறீங்க அத்தான் என்றார்.

முதலாளி போனைப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கட்டைவிரலால் நிராகரிப்பை ஏற்கிறேன் என்று அழுத்தினார். தன் ஆளைப் போனில் கூப்பிட்டு, லாரியைத் திருப்பு, களத்தில் கொட்டிக் காயவைத்துவிட்டுக் கொண்டு வா என்று சொன்னார். மச்சான் சாரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

நான் கீழே இறங்கி ஓடினேன். அவள் லாரிப் பக்கத்தில் நின்று குத்தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடி பாவி, அது யார் நெல்லுன்னு தெரியுமா உனக்கு என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. சீட்டுல பேரு இருந்துச்சு" என்றாள். "அதான் ரெண்டு தரம் குத்திப் பாத்துட்டு எழுதினேன்."

சொல்லிவிட்டு அடுத்த லாரிமேல் ஏறினாள்.